மெலிந்த உடலில் நீரிழிவு: ‘ஐந்தாம் வகை’ என்று பிரிக்கப் போதிய சான்று இருக்கிறதா?

செங்கதிர் (பொது மருத்துவம்)

அனைவருக்கும் வணக்கம். 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய உலக நீரிழிவு மாநாட்டில், ஊட்டச்சத்துக் குறைவோடு தொடர்புடைய நீரிழிவை ‘ஐந்தாம் வகை’ என்ற தனிப் பிரிவாக ஏற்பதென்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு முடிவெடுத்தது. உலகெங்கும் 2 கோடி முதல் 2.5 கோடிப் பேர் இந்த வகையில் அடங்கலாம் என்ற மதிப்பீடும் அப்போது சொல்லப்பட்டது. முடிவுக்குச் சான்றாகக் காட்டப்படும் ஆய்வுகளில் முதன்மையானது நம் ஊரில் நடந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நிகால் தாமஸ் குழுவினரும், நியூயார்க்கிலுள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியின் மெரிடித் ஹாக்கின்ஸ் குழுவினரும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வு 2022இல் ‘டயாபடீஸ் கேர்’ இதழில் வெளியானது.

இதை இங்கே எழுப்புவதற்குக் காரணம் என் வெளிநோயாளர் பிரிவு. செங்கல் சூளையிலும் கல் குவாரியிலும் வேலை செய்யும் இளைஞர்கள் சிலர் இரத்தச் சர்க்கரை 400க்கு மேல் இருக்கும் நிலையில் வருகிறார்கள். உடல் எடை 40, 42 கிலோதான் இருக்கும். வயதையும் மெலிவையும் பார்த்தவுடன் முதல் வகை நீரிழிவு, அதாவது உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடும் வகை, என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் இன்சுலின் ஏறக்குறைய இல்லாதபோது கொழுப்பு உடைந்து உண்டாகும் கீட்டோன் இவர்கள் சிறுநீரில் இருப்பதில்லை. மாதக்கணக்கில் மருந்தே இல்லாமல் இருந்தும் கீட்டோன் நச்சுநிலைக்குப் போகாமல் நடந்து வருகிறார்கள். முதல் வகை என்று கருதி, வழக்கமான கணக்குப்படி எடைக்கு ஒரு கிலோவுக்கு 0.5 அலகு என்று இன்சுலினைத் தொடங்கினால், சில நாட்களிலேயே விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து மயங்குகிறார்கள். இரண்டாம் வகை என்று கருதினாலோ, அந்த வகைக்கு உரிய இன்சுலின் எதிர்ப்பை, அதாவது சுரந்த இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காத நிலையை, உடலில் கொழுப்பே இல்லாத ஒருவரிடம் எங்கே தேடுவது என்று புரிவதில்லை.

எனவே புதிய பிரிவை நான் வரவேற்கிறேன். ஆனால் வரவேற்பது வேறு, சான்று போதுமா என்று பார்ப்பது வேறு. அந்த ஆய்வில் அளந்தது என்ன, அதை எவ்வளவு நம்பலாம் என்பதை ஆய்வகத்தில் பணியாற்றுவோர் விளக்கினால் பலருக்கும் பயன்படும்.

மணிமேகலை (மருத்துவ உயிர்வேதியியல்)

வணக்கம், ஐயா. அளவீட்டு முறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த விவாதத்தின் வலிமை அங்கேதான் இருக்கிறது.

ஒருவருக்கு நீரிழிவு வந்திருக்கிறது என்றால் இரண்டில் ஒன்றோ இரண்டுமோ பழுதுபட்டிருக்க வேண்டும். ஒன்று, கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைப் போதிய அளவு சுரக்கவில்லை. மற்றொன்று, சுரந்த இன்சுலினுக்குக் கல்லீரலும் தசையும் கொழுப்புத் திசுவும் சரியாகச் செவிசாய்க்கவில்லை. வெறும் வயிற்றுக் குளுக்கோஸையும் இன்சுலினையும் பெருக்கி ஒரு மாறிலியால் வகுக்கும் ஹோமா கணக்கு பெரிய மக்கள்தொகை ஆய்வுகளுக்குப் போதுமானது. ஆனால் சுரப்பே குறைந்த ஒருவரிடம் அந்தக் கணக்கு ஏமாற்றும்: இன்சுலின் குறைவாக இருப்பதாலேயே எதிர்ப்பும் குறைவாக இருப்பதுபோல் எண் விழும்.

இந்தச் சிக்கலைத் தாண்டுவதற்காகவே கிளாம்ப் சோதனை உருவானது. டிஃப்ரான்சோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1979இல் அதை முறைப்படுத்தி வெளியிட்டார்கள். ஒரு கையின் இரத்தக் குழாய் வழியாகக் குறிப்பிட்ட வேகத்தில் இன்சுலின் செலுத்தப்படும். சர்க்கரை விழாதபடி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை இரத்தத்தை அளந்து, அதற்கேற்பக் குளுக்கோஸ் கரைசலின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் இரத்தச் சர்க்கரையை ஒரே மட்டத்தில் நிறுத்தி வைப்பார்கள். அந்த மட்டத்தைக் காக்க எவ்வளவு குளுக்கோஸ் தேவைப்படுகிறதோ, அதுவே உடல் இன்சுலினுக்கு எவ்வளவு செவிசாய்க்கிறது என்பதன் அளவு. வேலூர் ஆய்வில் இதிலும் ஒரு படி மேலே போனார்கள்: உடல் தானாகச் சுரக்கும் இன்சுலினை ஒரு மருந்தால் அடக்கிவிட்டு, வெளியிலிருந்து படிப்படியாக இன்சுலினைக் கொடுத்தார்கள். அப்படிச் செய்யும்போது ஒப்பிடப்படும் குழுக்கள் எல்லாமே ஒரே அளவு இன்சுலினைச் சந்திக்கின்றன. ஆளுக்கு ஆள் சுரப்பு வேறுபடுவது ஒப்பீட்டைக் குழப்புவதில்லை. அடையாளமிட்ட குளுக்கோஸைச் சேர்த்துக் கொடுப்பதால், கல்லீரல் தானாக உற்பத்தி செய்யும் சர்க்கரையையும் தசை உள்ளிழுக்கும் சர்க்கரையையும் தனித்தனியே பிரித்தறிய முடிகிறது. கல்லீரல் கொழுப்பையும் வயிற்றறைக் கொழுப்பையும் ஸ்கேன் மூலம் அளந்தார்கள்.

ஆய்வில் பங்கேற்றவர்கள் 19 முதல் 45 வயது வரையிலான ஆண்கள். உடல் நிறை குறியீட்டெண் (உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண்) 19க்குக் கீழே உள்ள நீரிழிவாளர்கள் 20 பேர். அவர்களோடு ஒப்பிட முதல் வகையினர், இரண்டாம் வகையினர், நீரிழிவு இல்லாத மெலிந்தவர்கள், நீரிழிவு இல்லாத பருமனானவர்கள் என்று தனித்தனிக் குழுக்கள். மெலிந்த நீரிழிவாளர்களின் மொத்த இன்சுலின் சுரப்பு, நோயற்ற மெலிந்தவர்களைவிடவும் இரண்டாம் வகையினரைவிடவும் குறைவு. ஆனால் ஒரே அளவு இன்சுலினின் கீழ் அவர்கள் உடல் உள்ளிழுத்த குளுக்கோஸ், இரண்டாம் வகையினரைப் போல இரு மடங்குக்கும் மேல். கல்லீரலின் சர்க்கரை உற்பத்தியும் கல்லீரல் கொழுப்பும் இரண்டாம் வகையினரைவிடக் குறைவு. அதாவது சுரப்பில்தான் பழுது, செவிசாய்ப்பில் இல்லை. நீங்கள் சொன்ன விடியற்கால மயக்கத்துக்கு இது நேரடி விளக்கம் தருகிறது: தானாகச் சுரக்கும் இன்சுலின் கொஞ்சம் இருக்கிறது, உடலோ இன்சுலினுக்கு மிக நன்றாகச் செவிசாய்க்கிறது. அவரிடம் எடைக்கணக்கு அலகுகளைக் கொடுத்தால் சர்க்கரை தாழத்தான் செய்யும்.

20 பேர்தானா என்று கேட்பார்கள். ஒருவருக்கு ஒரு கிளாம்ப் சோதனை செய்ய ஏறக்குறைய ஒரு பகல் முழுவதும் பிடிக்கும். மருத்துவரும் செவிலியரும் ஆய்வக நுட்பரும் விலகாமல் உடனிருக்க வேண்டும். இந்த முறையில் நடக்கும் ஆய்வுகள் எங்குமே சிறியவைதான்.

ஆதிரை (நோய்ப்பரவலியல்)

மணிமேகலை அம்மாவின் விளக்கத்துக்கு நன்றி. அளவீட்டின் தரத்தைப் பற்றி எனக்கு ஐயமில்லை. அளந்ததிலிருந்து எட்டிய முடிவில்தான் இடறுகிறது.

மெலிந்த நீரிழிவாளர்களுக்குச் சுரப்புக் குறைவு இருக்கிறது, இன்சுலின் எதிர்ப்பு இல்லை என்று ஆய்வு காட்டியது. அதற்குக் காரணம் ஊட்டக்குறைவு என்று அது காட்டவில்லை. கட்டுப்படாத நீரிழிவே உடலை உருக்கும். சிறுநீரில் சர்க்கரையாகவும் தசைச் சிதைவாகவும் எடை போய்விடும். ஆக, மெலிவு காரணமா விளைவா என்ற கேள்வி ஒரே ஒரு நாளில் அளக்கும் எந்த ஆய்வாலும் தீராது. உலக சுகாதார நிறுவனம் 1985இல் ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவைத் தனிப் பிரிவாக ஏற்று, 1999இல் அதைக் கைவிட்டதற்கும் இதே காரணம்தான்: புரதக் குறைவோ பொதுவான ஊட்டக்குறைவோ தனித்து நின்று நீரிழிவை உண்டாக்கும் என்பதற்குச் சான்று போதவில்லை. 1999இல் இல்லாத காரணகாரியச் சான்று இன்று கிடைத்திருக்கிறதா என்றுதான் நான் கேட்கிறேன்.

இன்னொரு தடையும் உண்டு. சுவீடனில் 2018இல் நீரிழிவாளர்களைப் புள்ளியியல் முறையால் 5 திரள்களாகப் பிரித்தார்கள். அதே வழியில் சென்னையில் மருத்துவர் மோகன், மருத்துவர் அஞ்சனா குழுவினர் 19,084 இரண்டாம் வகை நீரிழிவாளர்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். அவர்களில் ஏறத்தாழக் கால்பங்கினர் கடுமையான இன்சுலின் சுரப்புக் குறைவு உள்ள திரளில் வந்தார்கள். அப்படியானால் வேலூரில் கண்டது தனி நோயா, அல்லது நம்மிடம் ஏற்கெனவே பரவலாக இருக்கும் சுரப்புக் குறைவின் மெலிந்த ஓரமா? ஓரத்தை வெட்டியெடுத்து அதற்கு ஓர் எண் கொடுப்பது எளிது. வெட்டிய இடத்தில் இயற்கையில் உண்மையாகவே ஒரு பிளவு இருக்கிறதா என்பதைக் காட்ட வேண்டும்.

மூன்றாவதாக, பெண்கள் எங்கே? 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் எடை குறைந்த பெண்கள் 18.7 விழுக்காடு, ஆண்கள் 16.2 விழுக்காடு. ஊட்டக்குறைவு காரணம் என்று சொல்லும் ஒரு நோய்க்கான முதன்மைச் சான்றில் ஒரு பெண்கூட இல்லை என்பது சிறு குறை அல்ல.

குமரேசன் (ஓய்வுபெற்ற மருத்துவர், நாகர்கோவில்)

ஆதிரை, உன் கேள்விகள் நியாயமானவை. ஆனால் இந்த நோயின் வரலாறு 1985இல் தொடங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியது என் தலைமுறையின் கடமை.

1955இல் ஹியூ-ஜோன்ஸ் என்ற மருத்துவர் ஜமைக்காவில் 215 நீரிழிவாளர்களை ஆராய்ந்தபோது, அவர்களில் 13 பேர் தெரிந்த இரண்டு வகைகளிலும் அடங்கவில்லை. இளவயது, மெலிந்த உடல், இன்சுலின் தேவை, ஆனால் கீட்டோன் இல்லை. ஜமைக்காவின் முதலெழுத்தை வைத்து அதை ‘ஜே’ வகை என்றார். அடுத்த பல ஆண்டுகளில் இந்தோனேசியா, ஒடிசாவின் கட்டாக், ஆப்பிரிக்க நாடுகள் என்று வறுமை இருந்த இடங்களிலிருந்தெல்லாம் இதே தோற்றம் பதிவாகியது. எங்கள் எல்லைக்கு அப்பால் கேரளத்தில், மருத்துவர் கீவர்கீஸ் கணையத்தில் கல் படிந்த நீரிழிவாளர்களைப் பெருந்தொகையாகப் பதிவு செய்தார். வயிற்று எக்ஸ்-ரேயில் முதுகெலும்பின் இருபுறமும் வெண்மணிகள்போல் கற்கள் தெரியும். நாகர்கோவிலில் நாங்களும் அப்படிப்பட்டவர்களைக் கண்டோம்.

அந்தக் கல் நோயின் கதையில் இப்போதைய விவாதத்துக்கு ஒரு பாடம் இருப்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கேரளத்தில் ஏழைகள் மரவள்ளிக்கிழங்கை உண்டார்கள்; மரவள்ளியில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது; அதை முறித்து வெளியேற்ற உடலுக்குக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் வேண்டும்; புரதம் குறைந்த உணவில் அவை கிடைக்காது; ஆகவே சயனைடு கணையத்தைச் சிதைக்கிறது. 1970களின் இறுதியில் முன்வைக்கப்பட்ட இந்தக் கருத்து அவ்வளவு அழகாகப் பொருந்தியதால் பாடநூல்கள் வரை ஏறியது. பின்னர்தான் மரவள்ளியே உண்ணாத ஊர்களிலும் அதே நோய் தென்பட்டது; மரவள்ளி கொடுத்து வளர்த்த எலிகளிலும் நோய் வரவில்லை. 2000க்குப் பிறகு ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் உள்ளிட்ட ஆய்வகங்கள், இந்த நோயாளிகளில் பலரிடம் ‘ஸ்பிங்க்1’ மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதைக் காட்டின. டிரிப்சின் என்ற செரிமான நொதி கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு கணையத்தைத் தின்னாதபடி தடுக்கும் புரதத்துக்கான மரபணு அது. உணவு என்று நினைத்த இடத்தில் மரபணுவும் இருந்தது.

ஆகவே, 1985 வகைப்பாட்டில் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்த இரண்டும், அதாவது கல் உள்ள கணைய நீரிழிவும் கல் இல்லாத புரதக்குறை நீரிழிவும், ஒன்றல்ல என்பது உறுதி. முதலாவது இன்று கணைய நோய்களால் வரும் நீரிழிவில் இடம்பெற்றுவிட்டது. இரண்டாவது இடமின்றி விடப்பட்டது. 1999இல் அந்தப் பிரிவை எடுத்தபோது நோயும் போய்விடவில்லை. அதைத் தேடுவதை மட்டும் நாம் நிறுத்திவிட்டோம். பெயரில்லாத நோய்க்குப் பதிவேட்டில் இடமில்லை, ஆய்வுக்கு நிதியும் இல்லை. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அப்படிப் போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தமுண்டு.

செங்கதிர்

குமரேசன் ஐயா சொன்ன மரவள்ளிக் கதை, ஆதிரையின் எச்சரிக்கைக்குத்தான் வலுச் சேர்க்கிறது என்று நினைக்கிறேன். காரணம் இதுதான் என்று சொல்வதில் அவசரப்படக் கூடாது.

ஆயினும் மெலிவு விளைவாக மட்டுமே இருக்கலாம் என்ற வாதத்துக்கு என் பிரிவில் காண்பதை வைத்து ஒரு பதில் சொல்ல முடியும். முதல் வகை நீரிழிவுள்ள இளைஞர் சரியான இன்சுலின் பெற்றதும் இழந்த எடையைச் சில மாதங்களில் மீட்டுவிடுவார். நான் குறிப்பிடும் இளைஞர்களோ, சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகும் குறியீட்டெண் 18ஐச் சுற்றியே நிற்கிறார்கள். விசாரித்தால், நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பள்ளிப் பருவத்திலேயே அப்படித்தான் இருந்ததாகத் தாய்மார்கள் சொல்கிறார்கள். பள்ளிப் பதிவிலோ அங்கன்வாடி எடை அட்டையிலோ சான்று கிடைத்தால் இதை உறுதியாகச் சொல்லலாம். இது ஓர் ஆய்வு அல்ல, வெறும் அவதானிப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

திரள்கள் பற்றி ஒன்று. சென்னை ஆய்வின் சுரப்புக் குறைவுத் திரளில் இருந்தவர்கள் சராசரியாக இவ்வளவு மெலிந்தவர்கள் அல்ல. அவர்களிடம் கிளாம்ப் செய்யப்படவில்லை. வேலூரில் மெலிந்தவர்களின் தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் செவிசாய்த்த விதம் இரண்டாம் வகையினரிடமிருந்து வெகுதூரம் விலகியிருந்தது. ஓரம் மட்டுமே என்றால் இவ்வளவு இடைவெளி வருமா என்பது என் ஐயம்.

தாமரை

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். என் தம்பிக்கு 22 வயதில் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. சிறுவயதிலிருந்தே மிகவும் மெலிந்தவன். எங்கள் வீட்டில் மூன்று வேளை உணவு உறுதியாக இருந்த காலம் குறைவு. முதல் வகை என்று சொல்லி இன்சுலின் எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகு பலமுறை இரவில் சர்க்கரை தாழ்ந்து, பேச்சு குழறி, நாங்கள் சர்க்கரைத் தண்ணீர் புகட்டி எழுப்பியிருக்கிறோம். பயத்தில் அவனே சில நாள் ஊசியைத் தவிர்க்கத் தொடங்கிவிட்டான். அவனுக்கு இருப்பது நீங்கள் பேசும் இந்த வகையாக இருக்குமா? எந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லி மருத்துவரிடம் கேட்க வேண்டும்? ஊசியை நிறுத்தலாமா?

மணிமேகலை

தாமரை, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: தம்பி தானாக ஊசியை நிறுத்தக் கூடாது. அவருக்கு உண்மையிலேயே முதல் வகையாக இருந்தால், இன்சுலின் இல்லாத சில நாட்களே உயிருக்கு ஆபத்தாகும். ஆனால் சர்க்கரை திரும்பத் திரும்பத் தாழ்கிறது என்பது அளவை மாற்ற வேண்டும் என்பதற்குத் தெளிவான அறிகுறி. எந்த நேரத்தில் தாழ்ந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டார், எத்தனை அலகு போட்டார் என்று எழுதி எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

இனிப் பரிசோதனைகள். கிளாம்ப் என்பது ஆய்வுக்கானது; மருத்துவமனையில் கேட்டுப் பெறக்கூடியது அல்ல, தேவையும் இல்லை. சி-பெப்டைடு என்ற எளிய இரத்தப் பரிசோதனை இருக்கிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கும்போது அதே எண்ணிக்கையில் சி-பெப்டைடையும் வெளியிடுகிறது. சுரந்த இன்சுலினில் ஏறத்தாழப் பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். சி-பெப்டைடை அப்படிப் பிடிப்பதில்லை. ஊசி இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. எனவே ஊசி போட்டுக்கொண்டிருப்பவரிடமும் அவருடைய சொந்தச் சுரப்பு எவ்வளவு என்பதை இது காட்டும். உணவுக்குப் பின் 5 மணி நேரத்துக்குள் எடுத்த இரத்தத்தில் லிட்டருக்கு 200 பிகோமோலுக்குக் கீழே இருந்தால் சுரப்பு அநேகமாக இல்லை, முதல் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். 600க்கு மேலே இருந்தால் இரண்டாம் வகையின் பக்கம் சாயலாம். இடைப்பட்ட எண்தான் நாம் பேசும் வகையைப் பற்றி யோசிக்க வைப்பது. சில ஆய்வகங்கள் மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று தருவார்கள். அதில் 200 என்பது ஏறத்தாழ 0.6.

அந்த எண்ணைத் தனியாகப் பார்க்கக் கூடாது. அதே மாதிரியில் குளுக்கோஸையும் அளக்க வேண்டும். சர்க்கரை பல வாரம் மிக உயர்ந்திருந்தால் பீட்டா செல்கள் தற்காலிகமாக மந்தப்படும். கட்டுக்குள் வந்த பின் மீண்டும் அளப்பது நல்லது. நோய் தொடங்கிய புதிதில் முதல் வகையினரிடமும் கொஞ்சம் சுரப்பு எஞ்சியிருக்கும் என்பதால், சில ஆண்டுகள் கழிந்த பிறகு வரும் எண்ணே அதிக நம்பகமானது. சிறுநீரகம் பழுதானவர்களில் எண் பொய்யாக உயரும்.

பீட்டா செல்களை உடலே தாக்குகிறதா என்று காட்டும் ஜி.ஏ.டி. எதிர்ப்பொருள் பரிசோதனையையும் கேளுங்கள். அது இருந்தால் முதல் வகை ஏறக்குறைய உறுதி. இல்லையென்றால் முதல் வகை இல்லை என்று உறுதியாகிவிடாது. கணையத்தில் கல் இருக்கிறதா என்று ஒரு வயிற்று ஸ்கேன் பார்த்துவிட வேண்டும், குமரேசன் ஐயா சொன்ன காரணத்துக்காக. குடும்பத்தில் தலைமுறைதோறும் இளவயதிலேயே நீரிழிவு வந்திருந்தால் ஒற்றை மரபணு நீரிழிவையும் மருத்துவர் யோசிப்பார்.

இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி என்று நாம் நம்பும் எச்.பி.ஏ.1.சி. பற்றியும் ஓர் எச்சரிக்கை. ஊட்டம் குறைந்தவர்களிடம் இரும்புச்சத்துக் குறைவான இரத்தசோகை பரவலாக இருக்கும்; அது இந்த எண்ணை உண்மையைவிட உயர்த்திக் காட்டக்கூடும். அந்த எண்ணை மட்டும் பார்த்து இன்சுலினைக் கூட்டினால் இரவு மயக்கம் கூடும். தம்பியின் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆதிரை

தாமரை, உங்கள் தம்பி நலம்பெற விரும்புகிறேன். மணிமேகலை அம்மா சொன்ன ஒழுங்கில் போனால் விடை கிடைக்க நல்ல வாய்ப்பிருக்கிறது.

செங்கதிர் ஐயாவின் பதிலை ஏற்றுக்கொண்டு என் கேள்வியைச் சற்று நகர்த்துகிறேன். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் பட்ட பசி பிற்காலத்தில் நீரிழிவைக் கொண்டுவரும் என்பதற்கு வலுவான சான்று உண்டு. உக்ரைனில் 1932–33 பெரும்பஞ்சத்தின்போது கருவிலிருந்தவர்களைப் பற்றி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிறப்புகளை வைத்து 2024இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வில், கருவின் தொடக்க மாதங்களில் கடும் பஞ்சத்தைச் சந்தித்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவுக்கான வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் இருந்தது. இரண்டாம் வகை என்பதைக் கவனியுங்கள். இந்தியாவில் 50 தலைமுறைகளாக அரைவயிற்று உணவில் வளர்க்கப்பட்ட எலிகளைப் பற்றிய 2015ஆம் ஆண்டு ஆய்வும் அப்படியே: அவற்றின் இரத்தத்தில் இன்சுலின் உயர்ந்திருந்தது, எதிர்ப்பும் இருந்தது, பின்னர் இரண்டு தலைமுறைகளுக்கு நல்ல உணவு கொடுத்தும் மாறவில்லை. புனேயில் மருத்துவர் யாஜ்னிக் விளக்கிய, எடை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் பிறக்கும் இந்தியக் குழந்தையும் எதிர்ப்பின் பக்கமே நிற்கிறது. அவரும் ஆங்கிலேய ஆய்வாளர் ஒருவரும் 22.3 என்ற ஒரே குறியீட்டெண் கொண்டிருந்தபோது, ஆங்கிலேயரின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடற்கொழுப்பு 21.2 விழுக்காடு என்று இருவரும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தம் படத்தோடு வெளியிட்டது பலருக்கும் நினைவிருக்கும்.

ஆக, பசியால் வருவது பெரும்பாலும் எதிர்ப்பு என்கின்றன இந்த ஆய்வுகள். சுரப்புக் குறைவு மட்டுமே என்கிறது வேலூர். இரண்டும் உண்மையாக இருக்க ஒரு வழி உண்டு. கருவில் பட்டினி கிடந்து, பிறகு போதிய உணவு கிடைத்து எடை கூடியவர்களிடம் எதிர்ப்பு மேலோங்கலாம். கருவிலும் பட்டினி, வளர்ந்த பின்னும் பட்டினி என்று ஒருபோதும் கொழுப்புச் சேராதவர்களிடம், குறைந்த எண்ணிக்கையில் அமைந்த பீட்டா செல்களின் பற்றாக்குறை மட்டும் வெளிப்படலாம். கருவுற்ற எலிகளுக்குப் புரதம் குறைந்த உணவு கொடுத்தால் குட்டிகளின் பீட்டா செல்களின் மொத்த அளவு குறைகிறது என்பது 1990களிலிருந்தே தெரிந்த செய்தி. இது என் ஊகம்தான், ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம். பிறந்த எடை பதிவாகியுள்ள குழுக்கள் புனேயிலும் மைசூரிலும் வேலூரிலும் இருக்கின்றன. அவர்களில் இன்றும் மெலிந்திருப்பவர்களை, நீரிழிவு வருவதற்கு முன்பே, சுரப்பையும் செவிசாய்ப்பையும் அளந்து வைத்துக்கொண்டு தொடர வேண்டும். சுரப்பு முதலில் விழுந்து, எடை இழப்பு பின்னர் வந்தால் என் முதல் ஐயம் தீர்ந்துவிடும்.

குமரேசன்

இதை முழுமனதோடு ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கேமரூன், உகாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில், இளவயதில் முதல் வகை என்று முத்திரை பெற்றவர்களை ஆராய்ந்து 2025இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் முதல் வகைக்கு உரிய எதிர்ப்பொருள்கள் இல்லை. அவர்கள் எல்லோரும் ஐந்தாம் வகையினர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘மெலிந்த இளைஞர் என்றால் முதல் வகை’ என்ற கைப்பழக்கம் வேலூருக்கு வெளியேயும் பொய்த்திருக்கிறது.

செங்கதிர்

சிகிச்சை பற்றி இதுவரை யாரும் எழுதாததால், என் நடைமுறையைச் சொல்கிறேன். குறை இருந்தால் திருத்துங்கள். இந்த வகைக்கென்று ஒப்பீட்டு முறையில் நடத்தப்பட்ட மருந்தாய்வின் வழிகாட்டல் கையில் இல்லாத நிலையில், உடலியங்கியல் சொல்வதைப் பின்பற்றுகிறேன். இன்சுலின் தேவைப்பட்டால் வழக்கமான எடைக்கணக்கில் பாதிக்கும் குறைவாகத் தொடங்கி, வீட்டில் அளக்கும் எண்களைப் பார்த்து மெல்ல ஏற்றுகிறேன். சி-பெப்டைடு போதிய அளவு இருப்பவர்களிடம், சுரப்பைத் தூண்டும் மாத்திரையை மிகச் சிறிய அளவில் முயன்று பார்க்கிறேன். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் ‘ஃப்ளோசின்’ குடும்ப மாத்திரைகளையும் பசியை அடக்கும் ஊசிகளையும் தவிர்க்கிறேன். எடையைக் குறைக்கும் மருந்து, குறைக்க எடையே இல்லாதவருக்கு எதற்கு?

உணவுதான் கடினமான பகுதி. அச்சிட்ட உணவுத்தாளில் ‘குறைத்துச் சாப்பிடவும்’ என்று இருப்பதை அடித்துவிட்டு, முட்டை, நிலக்கடலை, பருப்பு, பால் என்று கூட்டி எழுதுகிறேன். இரண்டாம் வகையினருக்காகத் தயாரித்த தாளை இவர்களிடம் கொடுத்தால், அவர்கள் அதை நம்பிப் பட்டினி கிடக்கிறார்கள். நாளைக்கு ஒரு முட்டை என்பது அந்தக் குடும்பத்தின் வரவுக்குள் அடங்குமா என்று கேட்காமல் அதை எழுதுவதும் தவறு. எங்கள் வட்டாரத்தில் காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்கென்று மாதந்தோறும் அரசு பணம் தருகிறது. நீரிழிவோடு குறியீட்டெண் 18க்குக் கீழே உள்ளவர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டுமென்று எங்கள் சங்கக் கூட்டத்தில் முன்மொழிய இருக்கிறேன். ஆதிரை, பள்ளி எடைப் பதிவுகளைத் திரட்டும் படிவம் ஒன்றை நீங்கள் வரைந்து கொடுத்தால், பெண் நோயாளிகளையும் சேர்த்து, அடுத்த மாதத்திலிருந்து என் பிரிவில் நிரப்பத் தொடங்குகிறேன்.

ஆதிரை

படிவத்தை இந்த வாரமே அனுப்புகிறேன், ஐயா. பிறந்த எடை, 5 வயது எடை, 10ஆம் வகுப்பில் உயரமும் எடையும், நோய் தெரிந்த நாளில் எடை, சிகிச்சைக்கு ஓராண்டுக்குப் பின் எடை என்று ஐந்து கட்டங்கள் போதும். அங்கன்வாடி அட்டை இல்லாதவர்களுக்குத் தனிக் குறியீடு வைக்கிறேன். தாயின் நினைவையும் பதிவையும் ஒரே கட்டத்தில் கலக்க வேண்டாம்.